தகட்டில் பூக்கும் உப்பு

ஸ்காட்லாந்தின் மேரிகர்க் என்னும் சிற்றூரில் தமக்கிருந்த விடுமுறை இல்லத்தின் தோட்டத்திலே, ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவி, அது சுழலும்போது பிறந்த மின்சாரத்தைக் காரீயச் சேமக்கலங்களில் தேக்கிவைத்து, அதைக்கொண்டு இரவில் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், மின்பொறி நிர்மாணத்தில் பெரும் புகழும் செல்வமும் ஈட்டியிருந்த சார்லஸ் பிரஷ் என்பவர், 17 மீட்டர் விட்டமும் 144 மரச் சிறகுகளும் கொண்ட பிரம்மாண்டமான காற்றாலையைத் தம் மாளிகையின் பின்புறத்தில் எழுப்பி, நிலவறையில் 408 சேமக்கலங்களை வரிசை வரிசையாக அடுக்கி, ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் அம்மாளிகைக்கு ஒளியூட்டினார். காற்றையும் கதிரவனையும் நம்பி மின்சாரம் எடுப்பது நம் தலைமுறையின் புதுமை என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் காற்று ஓய்ந்த வேளைக்கும் கதிரவன் மறைந்த வேளைக்கும் சக்தியைச் சேமித்து வைக்க மனிதன் முதன்முதலில் நாடியது காரீயத்தையும் கந்தக அமிலத்தையுமே என்பதும், அந்த நாளிலிருந்தே அக்கலங்களைப் பீடித்து வந்த ஒரு வியாதி இன்று நம் மொட்டைமாடிச் சூரியத் தகடுகளின் கீழே உள்ள பாட்டரியையும் பீடிக்கிறது என்பதும் சரித்திர உண்மை.

அந்த வியாதிக்குச் சல்பேட் பூத்தல் என்று பெயர். சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மாடிப்படியின் கீழே காற்றோட்டமில்லாத மூலையில் வைக்கப்பட்ட பாட்டரியோ, ஐந்தாறு ஆண்டு நிலைக்க வேண்டியது, இரண்டாவது மழைக்காலம் கழிவதற்குள்ளேயே தளர்ந்துவிடுகிறது. பழுது பார்ப்பவரை அழைத்தால், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிளேட்டெல்லாம் சல்பேட் ஆயிடுச்சுங்க, இனிமே சார்ஜ் நிக்காது" என்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அது ஏன் நேர்ந்தது, நேராமல் தடுக்க வழி உண்டா, நேர்ந்தபின் மீட்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இரசாயன சாஸ்திரம் தெளிவான விடையே வைத்திருக்கிறது.

பிரான்ஸ் தேசத்து கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில், இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருளாகச் சுற்றி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தியும் திருப்பி எடுத்தும் காட்டியபோது உலகின் முதல் சேமக்கலம் பிறந்தது. கலத்தினுள் என்னதான் நடக்கிறது என்பதை 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கில இரசாயன அறிஞர்கள் விளக்கினார்கள். மின்னேற்றம் பெற்ற கலத்தில் நேர்த்தகடு காரீய ஈராக்சைடாகவும், எதிர்த்தகடு கடற்பஞ்சுபோல் நுண்துளை நிறைந்த தூய காரீயமாகவும் இருக்கின்றன. மின்சாரத்தை எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஒரே பதார்த்தமே, அதாவது காரீய சல்பேட் என்னும் வெண்ணிற உப்பே படிகிறது. அதற்கு வேண்டிய கந்தகப் பகுதி அமிலத்திலிருந்து வருவதால் அமிலம் மெல்ல மெல்ல வெறுந்தண்ணீரை நோக்கி நீர்த்துப் போகிறது. மின்னேற்றம் செய்தால் இவ்வளவும் தலைகீழாகத் திரும்பி, உப்பு கரைந்து, தகடுகள் பழைய ரூபத்தை அடைந்து, அமிலம் மறுபடி வலுக்கிறது.

ஆகவே சல்பேட் என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த விஷமன்று. அது தோன்றாமல் ஒரு விளக்குக்கூட எரியாது. எவ்வளவு தோன்றுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கலத்திலிருந்து ஓர் ஆம்பியர்-மணி மின்சாரம் வெளிப்படுவதற்கு 3.9 கிராம் காரீயமும், 4.5 கிராம் காரீய ஈராக்சைடும், 3.7 கிராம் கந்தக அமிலமும் செலவாகி, இரு தகடுகளிலுமாகச் சேர்ந்து 11.3 கிராம் சல்பேட் உண்டாகிறது. வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஆறு கலங்கள் உள்ளன. அதில் பாதியை ஓர் இரவில் செலவழித்தால், விடியும்போது அதனுள்ளே ஏறக்குறைய ஐந்து கிலோ சல்பேட் படிந்திருக்கும். ஐந்து கிலோ உப்பை ஒவ்வோர் இரவும் விளைவித்து, ஒவ்வொரு பகலிலும் மிச்சமின்றிக் கரைத்துவிட வேண்டிய பொறுப்பு அந்தப் பெட்டிக்கு இருக்கிறது என்று உணர்ந்தால், அதன் சேவையின் கடுமை விளங்கும். இதற்கு மேல், காரீயம் சல்பேட்டாக மாறும்போது ஏறத்தாழ இரண்டரை மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தகட்டின் நுண்துளைகள் அடைபட்டு, அமிலம் உள்ளே ஊடுருவும் வழியும் குறுகிவிடுகிறது.

தீங்கு எங்கே தொடங்குகிறதென்றால், இந்த உப்பைக் கரைக்காமல் நாட்கணக்கில் விட்டுவைக்கும்போது. புதிதாகப் படிந்த சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. காரீய சல்பேட் கரைவது மிகவும் அரிது. ஒரு லிட்டர் தூய நீரிலே 40 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், பாட்டரி அமிலத்தில் அதுவும் குறைந்து சில மில்லிகிராமே கரையும். எனினும் அந்தச் சில மில்லிகிராமே போதும். சிறிய படிகங்கள் பெரியவற்றைக் காட்டிலும் எளிதில் கரைவது பௌதிக நியதியாதலால், சிறியவை கரைந்து மறைய, கரைந்த பொருள் பெரியவற்றின்மேல் வந்து படிந்து அவற்றை மேலும் பெருக்க, நாளடைவில் எண்ணற்ற நுண்படிகங்கள் இருந்த இடத்தில் எண்ணிக்கையில் குறைந்த பருத்த படிகங்கள் மாத்திரம் எஞ்சுகின்றன. ஒரு மைக்ரான் பக்கமுள்ள ஆயிரம் கனசதுரங்கள் சேர்ந்து பத்து மைக்ரான் பக்கமுள்ள ஒரே கனசதுரமானால், எடை மாறாது. ஆனால் திரவத்தைத் தொடும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பொடித்த சர்க்கரை பாலில் விழுந்த கணத்தில் கரைய, அதே எடையுள்ள கற்கண்டுக் கட்டி வெகுநேரம் அடியில் கிடப்பதற்குக் காரணம் எதுவோ, அதுவே இங்கும் காரணம்.

மின்னேற்றம் நடைபெறுவதற்கு முதலில் சல்பேட் கரைந்து காரீய அயனிகள் திரவத்துக்கு வர வேண்டும். பிறகுதான் அவை தகட்டில் காரீயமாகவோ ஈராக்சைடாகவோ மாறும். பருத்த படிகங்களிலிருந்து அயனிகள் மிக மெதுவாகவே வெளிவருவதால், நாம் செலுத்தும் மின்சாரத்துக்கு வேலை கொடுக்கப் போதிய அயனிகள் கிட்டாமல், வோல்ட் அளவு விரைந்து உயர்ந்து, மிகுந்த மின்சாரமெல்லாம் நீரைப் பிரித்து வாயுக் குமிழிகளாக்குவதில் வீணாகிறது. அப்படிப்பட்ட பாட்டரியின் லட்சணங்களை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மின்னேற்றத் தொடங்கிய சிறிது நேரத்துக்குள்ளேயே 'முழுமை' என்று காட்டுகிறது. மூடியைத் திறந்தால் அமிலம் கொதிப்பதுபோல் குமிழியிடுகிறது. ஆனால் ஹைட்ரோமீட்டரை இட்டுப் பார்த்தால் ஒப்படர்த்தி உயரவேயில்லை. மின்விசிறியைப் போட்டவுடன் வோல்ட் அளவு சரிந்து விழுகிறது. கண்ணாடிக் கலமாக இருந்தால் நேர்த்தகட்டின் கருஞ்சாக்லேட் நிறத்தின்மேல் வெளிறிய திட்டுகளையும் காணலாம். எதிர்த்தகட்டை நகத்தால் கீறினால் நல்ல நிலையில் காரீயத்தின் உலோகப் பளபளப்புத் தெரியும். சல்பேட் பூத்த தகட்டில் மணல்போன்ற நறநறப்பே விரலுக்குத் தட்டுப்படும்.

சூரிய மின்னமைப்புகளில் இந்தக் கேடு ஏன் விசேஷமாக மிகுகிறது என்பதைச் சற்று நிதானித்து ஆராய வேண்டும். மோட்டார் வாகனத்தில் உள்ள பாட்டரி ஒருகணம் பெருமின்சாரத்தைத் தந்துவிட்டு, எஞ்சிய பயணம் முழுவதும் தீனி பெற்றுக்கொண்டேயிருக்கிறது. தொலைபேசி நிலையத்துப் பாட்டரி ஆண்டு முழுவதும் நிறைந்த நிலையிலேயே காத்திருக்கிறது. சூரிய வீட்டின் பாட்டரிக்கோ இவ்விரு பாக்கியமும் இல்லை. மின்னேற்றத்தில் முதல் எண்பது சதவிகிதத்தைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம், கலத்துக்கு 2.4 வோல்ட், அதாவது பாட்டரிக்கு 14.4 வோல்ட் என்ற எல்லையைத் தொட்டபின் மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, மீதியிருக்கும் பகுதியைப் பல மணி நேரம் பொறுமையாக ஏற்ற வேண்டும். காலை முழுவதும் உழைத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த எல்லையை எட்டும் அமைப்புக்கு, அதன்பின் வேண்டிய நான்கு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? கதிரவன் அதற்குள் மேற்கே சாய்ந்துவிடுகிறான். இதனால் அன்றன்று ஐந்தோ பத்தோ சதவிகிதம் உப்பு கரையாமல் தங்கி, அடுத்த நாளின் உப்பு அதன்மேல் சேர்ந்து, முந்திய வாரத்தின் மிச்சம் நடப்பு வாரத்திற்குள் கற்கண்டாக இறுகிவிடுகிறது.

மேகம் மூடிய பருவத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். வங்காள தேசத்தில் இட்கால் என்னும் அரசு நிதி நிறுவனத்தின் ஏற்பாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கிராமத்து வீடுகளுக்குச் சிறு சூரிய அமைப்புகள் வழங்கப்பட்டு, அவற்றின் தொகை நாற்பது லட்சத்தைக் கடந்தது. மின்கம்பி எட்டாத குடிசைகளிலே மண்ணெண்ணெய்ப் புகைக்கு விடைகொடுத்த அந்த மகத்தான முயற்சியில், ஒவ்வொரு வீட்டின் மூலையிலும் உட்கார்ந்திருந்தது ஒரு காரீயப் பாட்டரியே. ஆனி முதல் புரட்டாசி வரை வானம் இருண்டு கிடக்கும் அந்நாட்டில், அது அரைப்பட்டினியாகவே நாள் கழிக்க வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டிலும் 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சூரிய விளக்குகள் அமைக்கப்பட்டன. இங்கே சோதனைக் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். விளக்கின் தேவை மிகுந்து, வெயிலின் வரவு குறைந்து, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் அந்த வாரங்களிலேதான் பாட்டரிகளின் ஆயுள் நிர்ணயமாகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்னேற்றத்தின்போது தகட்டிலிருந்து வெளிப்படும் அமிலம் அடர்த்தி மிகுந்ததாதலால் கீழே இறங்கி அடியில் தேங்குகிறது. முழு மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் எழும் வாயுக் குமிழிகள் அதைக் கலக்கிவிடும். அந்தக் கட்டத்தையே எட்டாத சூரியப் பாட்டரியிலோ மேலே மெலிந்த அமிலமும் கீழே வலுத்த அமிலமுமாக இரண்டு அடுக்குகள் நிலைத்து, தகட்டின் அடிப்பாகம் கரையாத சல்பேட்டால் கெட்டியாகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களின் மாபெரும் கலங்களில் குழாய்வழியே காற்றை ஊதி அமிலத்தைக் கலக்குவதற்கு இதுவே காரணம். வெப்பமும் தன் பங்குக்குத் தீமை செய்கிறது; பத்துப் பாகை வெப்பம் கூடினால், சும்மா கிடக்கும் பாட்டரி தன்னால் மின்சாரத்தை இழக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாட்டரியை அரைகுறையாக இறங்கிய நிலையில் விட்டுச் செல்வதைப் போன்ற கேடு வேறொன்றில்லை.

பாட்டரி செய்வோர் இந்த வியாதியோடு நடத்திய போராட்டத்தில் மிகவும் சுவையான அத்தியாயம் ஒன்று, தகடுகளுக்கிடையே வைக்கும் தடுப்பைப் பற்றியது. ஆரம்ப காலத்தில் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மரப் பலகைகளை வைத்தார்கள். பிற்பாடு, அமிலத்தால் அரிக்கப்படாத ரப்பர்த் தடுப்புகள் கிடைத்தபோது அவற்றை மேலானவை என்று கருதி மரத்தைக் கைவிட்டார்கள். கைவிட்டதும் எதிர்த்தகடுகள் விபரீதமாகத் தம் சக்தியை இழக்கத் தொடங்கின. ஆராய்ந்து பார்த்தபோது, மரத்திலிருந்து அமிலத்தில் கசிந்து வந்த லிக்னின் என்ற பொருள் இதுகாறும் யாரும் அறியாமலே எதிர்த்தகட்டின் பஞ்சுத் தன்மையைக் காத்து வந்தது என்ற ரகசியம் வெளிப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை, காகித ஆலையில் மரக்கூழ் காய்ச்சும்போது கிடைக்கும் லிக்னோசல்பனேட்டை எதிர்த்தகட்டின் பசையில் வேண்டுமென்றே சேர்த்து வருகிறார்கள். அதனோடு நூற்றில் ஒரு பங்களவில் பேரியம் சல்பேட்டையும் கலக்கிறார்கள். பேரியம் சல்பேட்டின் படிக அமைப்பு காரீய சல்பேட்டின் அமைப்பையே ஒத்தது. அது மின்வினையில் தான் பங்குகொள்ளாமல், தகடெங்கும் பரவிக் கிடந்து, புதிதாகத் தோன்றும் காரீய சல்பேட்டுக்கு எண்ணற்ற வித்துக்களாக அமைகிறது. வித்துக்கள் பலவாக இருந்தால் படிகங்களும் பலவாகவும் சிறியனவாகவும் பிறக்கும். எவ்வளவு எளிய உபாயம், எவ்வளவு ஆழ்ந்த சிந்தனை! பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தார் எதிர்த்தகட்டோடு கரிமின்தேக்கித் தகட்டை இணைத்து உருவாக்கிய 'அல்ட்ராபாட்டரி', அரைநிறை நிலையிலேயே நெடுநாள் உழைக்க வேண்டிய கலங்களுக்கென்று இதே திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடியாகும்.

இனி நம் கையில் இருக்கும் காப்பு முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதன்மையானது, பாட்டரியின் பருமனுக்கும் சூரியத் தகட்டின் பருமனுக்கும் உள்ள விகிதம். மின்சாரம் பற்றாதபோது பெரும்பாலோர் செய்வது இன்னொரு பாட்டரி வாங்கி இணைப்பது. அதைப் போன்ற தவறான சிகிச்சை வேறில்லை. வருமானம் கூடாமல் பெட்டியின் எண்ணிக்கை மட்டும் கூடினால், நிறையாத பெட்டிகள் இரண்டாகும் என்பதே பலன். சூரியத் தகட்டைக் கூட்ட வேண்டும், அல்லது விளக்குகளைக் குறைக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதாவது 150 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 15 ஆம்பியர் அளவுக்காவது தகடுகள் தருவது நலம் என்பது அனுபவஸ்தர்கள் கண்ட கணக்கு.

இரண்டாவது, அளந்து பார்க்கும் பழக்கம். ஹைட்ரோமீட்டர் விலை மலிந்த கருவி. ஆனால் அதற்கு ஈடான வைத்தியன் பாட்டரிக்கு இல்லை. ரப்பர்க் குமிழை அமுக்கிக் குழாயைக் கலத்தினுள் விட்டு, அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவை கண்ணாடிச் சுவரைத் தொடாமல் நிற்கும்வரை பொறுத்து, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராகத் தாழ்த்திப் படிக்க வேண்டும். நம் நாட்டு வீடுகளில் உள்ள குழாய்த்தகட்டுப் பாட்டரி நிறைந்திருக்கும்போது ஒப்படர்த்தி 1.240 அல்லது 1.250 காட்டும், வாகனப் பாட்டரியில் 1.270க்கு மேலிருக்கும். வெப்பம் பத்துப் பாகை மிகுந்தால் படித்த எண்ணோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு கலங்களுக்குள் 0.030க்கு மேல் ஏற்றத்தாழ்வு தெரிந்தால், அதுவே முதல் எச்சரிக்கை. வோல்ட்மானி சொல்வதை மட்டும் நம்புவோர் ஏமாறுவார்கள். சல்பேட் பூத்த பாட்டரியும் சுமையில்லாத வேளையில் மிடுக்காகவே வோல்ட் காட்டும்.

வாலை வடிநீரைத் தவிர வேறெதையும் கலத்தில் ஊற்றலாகாது என்பதும், நீர்மட்டம் தாழ்ந்து தகட்டின் உச்சி காற்றில் காய்ந்தால் அந்தப் பாகம் இறுகி மீளாமற்போகும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் ஒப்படர்த்தி குறைந்திருக்கிறதே என்று பதறி, கடைக்காரரிடம் சொல்லி ஆசிட் ஊற்றச் செய்யும் வழக்கத்தை மாத்திரம் நான் வன்மையாகக் கண்டிக்க விரும்புகிறேன். குறைந்த அமிலம் எங்கும் ஓடிப்போகவில்லை. சல்பேட் ரூபத்தில் தகட்டினுள்ளேயே அது இருக்கிறது. வெளியிலிருந்து ஊற்றினால் கருவி காட்டும் எண் உயரும். வியாதி அப்படியே இருக்கும். வலுத்த அமிலத்தில் சல்பேட் இன்னும் கரைய மறுக்கும். தகட்டைத் தாங்கும் காரீயச் சட்டமும் அரிபடும்.

பூத்துவிட்ட சல்பேட்டை மீட்பதற்கு உள்ள உபாயங்களில் முதலாவது சமன்செய் மின்னேற்றம். முழுதும் ஏற்றிய பாட்டரியை மேலும் 15.5 முதல் 16 வோல்ட் வரை உயர்த்தி, கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு ஆம்பியருக்கு மிகாமல், மணிக்கொரு முறை ஒவ்வொரு கலத்தின் ஒப்படர்த்தியையும் குறித்துக்கொண்டே வந்து, அடுத்தடுத்து மூன்று மணிகள் எண் உயராமல் நின்றால் முடித்துக்கொள்ளலாம். அமிலம் 50 பாகை வெப்பத்தைத் தொட்டால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். அவ்வேளையில் ஹைட்ரஜன் வாயு ஏராளமாக வெளிப்படுமாதலால் ஜன்னல்களைத் திறந்துவைத்து, தீக்குச்சியையும் சுவாமி விளக்கையும் அவ்வறையிலிருந்து அகற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டே காரியத்தைச் செய்ய வேண்டும். மூடி திறக்க முடியாத அடைபட்ட பாட்டரிகளுக்கு இம்முறை ஆகாது. அவற்றில் இழந்த நீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை.

இதற்கு மசியாத பாட்டரிக்குக் காலமே மருந்து. படிகம் கரையும் வேகத்துக்கு மேல் மின்சாரத்தைத் திணிப்பதால் பயனில்லை என்று கண்டோமல்லவா? ஆகவே கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு, அதாவது 150 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஒன்றரை முதல் மூன்று ஆம்பியர் மட்டும், நாள் கணக்கில், தேவையானால் ஒரு வாரம்வரை விடாமல் செலுத்தினால், பெரும் படிகங்களும் மெல்லக் கரையத் தொடங்குகின்றன. காலையும் மாலையும் ஒப்படர்த்தியைக் குறித்து வருபவர், 1.190, 1.195, 1.205 என்று எண் ஊர்ந்து ஏறுவதைக் கண்ணாரக் காணலாம். ஒவ்வோர் ஏற்றமும் தகட்டிலிருந்து விடுதலை பெற்ற அமிலத்துக்குச் சாட்சி.

மூன்றாவது உபாயம் பழைய பாட்டரிப் பட்டறைகளில் கையாளப்பட்டது. அமிலத்தை வடித்துவிட்டு, கலத்தை வாலை வடிநீரால் நிரப்பி, மிகச் சிறிய மின்சாரத்தால் மின்னேற்றுவது. அமிலத்தைவிட நீரில் சல்பேட் பன்மடங்கு அதிகமாகக் கரையும் என்ற உண்மையே இதற்கு ஆதாரம். தண்ணீராக ஊற்றியது சில நாட்களில் தானே அமிலமாவதைப் பார்க்கும்போது சாஸ்திரத்தின் சத்தியம் பிரத்தியட்சமாகும். ஆனால் இதில் அபாயமும் உண்டு. கரைந்த காரீயம் மிகும்போது, தடுப்பின் துளைகளுக்குள்ளே நுண்ணிய காரீய இழைகள் வளர்ந்து இரு தகடுகளையும் தொட்டுக் கலத்தையே பாழாக்கிவிடக்கூடும். ஆதலால் தேர்ந்த கை உடையவர் மட்டுமே, வேறு வழியில்லாத கலத்துக்கு மட்டுமே, இதைச் செய்யலாம். வடித்த அமிலத்தில் காரீயம் கலந்திருப்பதால் அதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டுவது பெரும் பாவம்.

பொடி ஒன்றைத் தூவினால் செத்த பாட்டரி பிழைக்கும் என்ற விளம்பரம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. அமெரிக்காவில் அது அரசாங்கத்தையே அசைத்த கதை அறியத்தக்கது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தைச் சேர்ந்த ஜெஸ் ரிட்சி என்பவர் ஏ.டி.எக்ஸ்-2 என்ற பெயரில் ஒரு பொடியை விற்றார். அது முக்கியமாகச் சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் கலந்த கலவை. அந்நாட்டின் தேசிய அளவைத் தர நிறுவனத்தார் பொடியிட்ட பாட்டரிகளையும் இடாத பாட்டரிகளையும் ஒரேவிதமாக நடத்திச் சோதித்து, இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று அறிவித்தார்கள். 1953ஆம் ஆண்டு வசந்தத்தில் புதிய வர்த்தக மந்திரி சிங்ளேர் வீக்ஸ், நிறுவனம் சந்தையின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கவில்லை என்று குறைகூறி, அதன் தலைவரான ஆலன் ஆஸ்டினைப் பதவியைவிட்டு விலகச் செய்தார். விஞ்ஞான உலகம் கொதித்தெழுந்தது; நிறுவனத்து ஊழியர் பலர் ராஜிநாமாச் செய்வதாக எச்சரித்தனர்; ஆஸ்டின் மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டார்; தேசிய விஞ்ஞானக் கழகம் நியமித்த குழுவும் அவ்வாண்டிலேயே நிறுவனத்தின் சோதனைகளே சரியானவை என்று தீர்ப்பளித்தது. தராசுமுனையில் கிடைத்த உண்மையைச் சந்தையின் ஆரவாரத்துக்காக விட்டுக்கொடுக்க மறுத்த அந்த மனிதரின் திடசித்தம் போற்றுதற்குரியது.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சோடியம் சல்பேட்டுக்குப் பாட்டரியில் சிறிய வேலை ஒன்று உண்டு. முன்னே கூறிய காரீய இழைகள் வளராமல் தடுக்கச் சில தயாரிப்பாளர்கள் அதை அமிலத்தில் சிறிதளவு சேர்ப்பதுண்டு. இறுகிய சல்பேட்டைக் கரைக்கும் சக்தி அதற்கில்லை. இக்காலத்தில் விற்கப்படும் மின்துடிப்புக் கருவிகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். துடிப்பு படிகத்தை உடைக்கிறது என்று சொல்லப்படுகிறது. ஆனால் அக்கருவி நாட்கணக்கில் சிறு மின்னேற்றமும் சேர்த்தே தருமானால், நேர்ந்த குணம் துடிப்பாலா, நீடித்த மின்னேற்றத்தாலா என்பதை அறிய, துடிப்பின்றி அதே மின்சாரத்தை அதே நாட்கள் பெற்ற மற்றொரு பாட்டரியை உடன் வைத்து ஒப்பிடாமல் முடியாது. அத்தகைய ஒப்பீட்டைக் காட்டாத கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிபு. சல்பேட்டைக் கரைக்கும் வேறு இரசாயனங்களும் உள்ளன; அவற்றால் காரீயம் தகட்டை விட்டே வெளியேறிவிடுமானால், கரைந்தும் நமக்கு லாபமில்லை.

மீட்சிக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வது விவேகம். உதிர்ந்து அடியில் வண்டலாகத் தேங்கிய தகட்டுப் பொருளையும், அரிபட்டு முறிந்த காரீயச் சட்டத்தையும் எந்த மின்னேற்றமும் திருப்பித் தராது. பிழைத்ததா என்பதை அறிய ஒரே வழி, அறிந்த சுமையை இணைத்து, 12 வோல்ட் பாட்டரி 10.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை மணி தாங்குகிறது என்று அளந்து, சிகிச்சைக்கு முன் கண்ட அளவோடு ஒப்பிடுவது. அளந்து முடித்ததும் அன்றே முழுமையாக மின்னேற்றிவிட வேண்டும். பாதி ஆயுளில் தூக்கி எறியப்படும் ஒவ்வொரு பாட்டரியும் எங்கோ ஓரிடத்தில் உருக்கப்படுகிறது. முறையற்ற உலைகளிலிருந்து எழும் காரீயத் தூசு அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து மூளையைக் கெடுக்கிறது. ஆகவே ஒரு பாட்டரியை இரண்டு ஆண்டு அதிகமாக உழைக்க வைப்பது வீட்டுச் செலவை மிச்சப்படுத்துவதோடு நின்றுவிடும் காரியமன்று.

சூரிய விளக்கு வைத்திருக்கும் வாசகர்கள் இந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசி வெயில் காயும் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, வடிநீரை நிரப்பி, ஆறு கலங்களின் ஒப்படர்த்தியையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, மூடி திறக்கும் பாட்டரியாக இருந்தால் ஒரு முழுச் சமன்செய் மின்னேற்றம் கொடுத்துவிடுங்கள். மழை நாட்களில் இரவு விளக்குகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் செல்லும்போது பாட்டரியை நிறைத்துவிட்டு, சுமைகளின் இணைப்பை மட்டும் துண்டித்து, சூரியத் தகட்டின் இணைப்பை அப்படியே விட்டுச் செல்லுங்கள்.